ஆபீஸ் பழக்கம்

சேலையூர்,
12-6-2025

அன்புள்ள புஷ்பா,

கையால் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பத்ரிக்கு எழுதியதுதான் கடைசி. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே பத்ரி, மாமியார், சின்மயி எல்லோரும் சௌக்கியம். எனக்குத்தான் ஒரு வாரமாகக் கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று பார்க்கிறாயா? போன வருஷம் உன் ஹெட்செட் பழுதானபோது என்னிடம் கூடுதலாக இருந்த ஒன்றைக் கூரியரில் அனுப்பினேனே, அந்த ரசீது மேஜை டிராயரில் கிடந்தது.

நீ வேறு டீமுக்குப் போய் இன்றோடு நாலு வாரம். ஜெபசீலன் சார் மீட்டிங்கில், "புஷ்பலதா அவங்களே ரிக்வெஸ்ட் பண்ணி மாத்திக்கிட்டாங்க" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா? சாட்டில் கேட்டால் 'நோட்டட் மேடம்' என்று பதில் போடுகிறாய். போன் அடித்தால் எடுப்பதில்லை. ஆபீஸ் சாட்டை நாலு பேர் படிக்கிறார்கள், அதில் மனசு விட்டுக் கேட்க முடியாது. அதனால்தான் இந்தத் தாள்.

மூன்று வருஷம், புஷ்பா. சிறுசேரி ஆபீஸை மூடி எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன பிறகு சேர்ந்தவர்கள் நாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கேமரா போட்டால் நெட் இழுக்கிறது என்று கம்பெனியே வேண்டாம் என்றுவிட்டது. உன் படம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஓர் ஆங்கில எழுத்து மட்டும் உட்கார்ந்திருக்கும். அப்படியும் காலை பதினொரு மணிக்குப் போட்ட லைனை ராத்திரி எட்டு வரை வைக்க மாட்டோமே! யாரோ ஒரு அமெரிக்கக்காரனின் ஆஸ்பத்திரி பில்லை நீ அங்கே சரிபார்ப்பாய், நான் இங்கே சரிபார்ப்பேன். பாதி நேரம் பேசக்கூட மாட்டோம். நீ வாய்க்குள்ளே எண்களைப் படிப்பது கேட்கும். தும்மினால் கேட்கும். "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று நீ கேட்டால்தான் எனக்கு மத்தியானம் ஆகும். இப்போது அறையில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

நான் ஏதாவது செய்துவிட்டேனா? சொல்லேன். நாலு வார்த்தை திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தினமும் தபால்காரரை எட்டிப் பார்க்கப்போகிற,
மிருதுளா

*

கோவளம்,
30-6-2025

மதிப்பிற்குரிய மிருதுளா மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நானும் அண்ணன் குடும்பமும் நன்றாக இருக்கிறோம். அம்மா முழங்காலுக்குத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். சொன்னால் கேட்பதில்லை. உங்கள் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

புது டீமில் வேலை ஜாஸ்தி. அதனால்தான் பேச முடிவதில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. சின்மயியின் பிறந்தநாள் விருந்தாளிகளோடு நல்லபடியாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மரியாதையுடன்,
கோ. புஷ்பலதா

*

சேலையூர்,
8-7-2025

அன்புள்ள புஷ்பா,

மேடமா! அடிப்பாவி! மூன்று வருஷமாக அக்கா அக்கா என்றுவிட்டு இப்போது 'மதிப்பிற்குரிய மேடம்' என்றால் எனக்கு யாரோ பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்த கடிதத்தைப் பிரித்துவிட்ட மாதிரி இருந்தது. ஒத்தடம் கொடுத்தேன், கழுத்து பரவாயில்லை. அம்மாவைக் கூடை தூக்க விடாதே.

நானும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன். மார்ச் மாசம் நீ போட்ட பில்லில் தப்பு இருக்கிறது என்று மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னேனே, அதுவா? பாராட்டு மெயிலில் உன் பெயர் விட்டுப்போயிற்றே, அதுவா? அதற்கு ஜெபசீலன் சாரிடம் நான் சண்டையே போட்டேன், உனக்குத் தெரியாது. இல்லை, நீ உங்கள் ஊர் அம்மன் திருவிழா பற்றிச் சொல்லும்போது நான் கொட்டாவி விட்டுவிட்டேனா? ஏதோ ஒன்று இருக்கிறது. வேலை ஜாஸ்தி என்பதை நான் நம்பமாட்டேன். வேலை ஜாஸ்தியான அன்றைக்குத்தான் நீ வாய் ஓயாமல் பேசுவாய்.

பிறந்தநாள் நன்றாக நடந்தது. முப்பது பேர் வந்தார்கள். "போன்ல பேசுற புஷ்பா ஆன்ட்டி வரலையா?" என்று சின்மயி கேட்டாள். நீ ரொம்ப தூரத்தில் இருக்கிறாய் என்று சொல்லிவைத்தேன்.

ஒன்று செய்யலாமா? ஒருநாள் நேரில் பார்ப்போம். உனக்கும் எனக்கும் நடுவில் கேளம்பாக்கம். அங்கே ஏதாவது நல்ல ஹோட்டலில் உட்கார்ந்து ஒரு காபி குடிப்போம். நேரில் பார்த்தால் உன்னால் 'மேடம்' என்று சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.

உன் குரலுக்கு ஏங்கிப்போயிருக்கிற,
மிருதுளா

*

கோவளம்,
2-8-2025

மிருதுளா மேடம்,

உங்கள் கழுத்து சரியானதில் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு வலி அப்படியேதான்.

எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 'ஹோட்டலில் பார்ப்போம்' என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகு அடக்க முடியவில்லை. உங்கள் வீடும் இல்லை, எங்கள் வீடும் இல்லை, நடுவில் ஒரு ஹோட்டல்!

மே மாசம் ஒன்பதாம் தேதி. ஆபீஸிலிருந்து எல்லோருக்கும் புது ஹெட்செட் வந்த வாரம். பழையதில் சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் மூடியிருக்கிறது என்று அர்த்தம். புதியதில் சிவப்பு எரிந்தால் மைக் திறந்திருக்கிறது. எனக்கே ரெண்டு தரம் குழம்பியது. நீங்கள் சிவப்பைப் பார்த்துவிட்டு மூடியாயிற்று என்று நினைத்திருப்பீர்கள்.

சின்மயி பிறந்தநாளுக்கு யாரையெல்லாம் கூப்பிடுவது என்று வீட்டில் பேச்சு நடந்தது. நீங்கள் சொன்னது அப்படியே எனக்கு மனப்பாடம். "புஷ்பாவா? ஐயோ, வேண்டாம்மா. அவ மீன்காரங்க வீட்டுப் பொண்ணு. வந்தா வீடு பூரா நாறும். வர்றவங்க என்ன நினைப்பாங்க? அது சும்மா ஆபீஸ் பழக்கம். ஹெட்செட்டைக் கழட்டினா அவ யாரோ, நான் யாரோ."

எங்கள் வீட்டிலிருந்து நூறடியில் கடல். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட உங்களுக்கு அலைச் சத்தம் கேட்டதில்லை. இரைச்சலை நீக்குகிற சாஃப்ட்வேர் அதை அழித்துவிடும். பேச்சை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் கொண்டுவந்து காதில் போடும்.

நாறும் என்றது எங்களுக்குப் புதுசு இல்லை. அம்மா கூடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். "நல்லதா போச்சு, காலை நீட்டிக்கலாம்" என்பாள் அம்மா. நானும் சிரித்துவிடுவேன். 'யாரோ' என்றீர்களே, அதற்குத்தான் சிரிக்க முடியவில்லை. போன வருஷம் அப்பா படகில் வழுக்கி விழுந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். லீவு இல்லை. வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். பதினோரு நாளும் லைனில் இருந்தது நீங்கள். அவர் போய்விட்டார் என்று முதலில் நான் சொன்னது உங்களிடம், அண்ணனிடம்கூட இல்லை. யாரோ ஒருத்தியிடம் போய் அழுதிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

சின்மயிக்கு ஒரு பாவாடை சட்டை எடுத்து வைத்திருந்தேன். அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தை போட்டுக்கொண்டு திரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புஷ்பலதா

*

சேலையூர்,
6-8-2025

அன்புள்ள புஷ்பா,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன்.

நீ எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. பட்டு அம்மா, என் மாமியார், ரொம்ப ஆசாரம். சில நாட்கள் வெங்காயம்கூடச் சமையலில் கிடையாது. உன் பெயரை எடுத்ததும் அவர்தான் முகம் சுளித்தார். அவர் வாயை அடைப்பதற்காக, அவருக்குப் பிடித்த மாதிரி ஏதோ பேசிவிட்டேன். என் மனசிலிருந்து வந்த வார்த்தை இல்லை அது. இந்த மாதிரி வீட்டு மருமகள்களுக்குத்தான் தெரியும் எங்கள் கஷ்டம். நீ புத்திசாலி, புரிந்துகொள்வாய். தயவுசெய்து பழையபடி பேசு.

உன்,
மிருதுளா

*

கோவளம்,
25-8-2025

மேடம்,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அன்றைக்கு உங்கள் மாமியார் குரலும் எனக்குக் கேட்டது. "அந்தக் கோவளத்துப் பொண்ணைக் கூப்பிட வேண்டியதுதானே? தெனம் அவளோடதானே பேசிண்டிருக்கே?" என்றார். அதற்குத்தான் நீங்கள் அந்தப் பதிலைச் சொன்னீர்கள்.

இனிமேல் எழுத வேண்டாம்.

புஷ்பலதா

*

சேலையூர்,
10-10-2025

புஷ்பா,

எழுத வேண்டாம் என்றாய். ஒன்றரை மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நீ நன்றாக இருக்கிறாயா, அம்மா நன்றாக இருக்கிறார்களா என்று கேட்கிற தகுதிகூட இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் கேட்கிறேன்.

நான் பொய் சொன்னேன். முதலில் உன்னைப் பற்றி, அப்புறம் மாமியாரைப் பற்றி. உன்னிடம் மறைத்த ஒன்று இன்னும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பிறந்த ஊரைக் கேட்டபோதெல்லாம் 'பல்லாவரம் பக்கம்' என்று மழுப்புவேனே, நான் அனகாபுத்தூர்க்காரி. என் அப்பா தோல் பதனிடும் டேனரியில் தோல் அலசிக்கொண்டிருந்தவர். அவர் வேலை முடிந்து வந்தால் அந்த வாடை வீட்டுக்குள் முதலில் வரும், அவர் பின்னால் வருவார். என் யூனிஃபார்மிலும் அது ஏறியிருக்கும். ஆறாம் வகுப்பில் ஜெயஸ்ரீ என்று ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவ பக்கத்துல உக்கார மாட்டேன் மிஸ்" என்று எழுந்து நின்றாள். மிஸ் என்னைத்தான் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னார். அன்றிலிருந்து ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பேன். இன்றைக்கும்.

பத்ரியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது, "எங்கப்பா லெதர் எக்ஸ்போர்ட்ல இருந்தார்" என்று சொந்தக்காரர்களிடம் நானாகப் போய்ச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. எட்டு வருஷமாக யார் எப்போது மோப்பம் பிடிப்பார்களோ என்று பயம். நீ வந்து, யாராவது மூக்கைச் சுளித்து, 'இவளுக்கு இப்படியும் சிநேகிதமா' என்று தொடங்கி, தோண்டித் துருவி என் வரைக்கும் வந்துவிடுவார்களோ என்று நினைத்தேன். எனக்கு விழ வேண்டிய அடியை உன் மேல் தள்ளிவிட்டேன். அந்த ஜெயஸ்ரீக்காவது பதினோரு வயசு. எனக்கு என்ன கேடு?

நேற்று மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கறிகாய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "உங்கப்பா டேனரியில இருந்தார்னு பத்ரி கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டானே. இதை வெச்சுண்டா இத்தனை நாள் தவிச்சே? அசடு!" என்றார். அப்புறம், "என் தலையில வேற பழியைப் போட்டியாக்கும்" என்று ஒரு முறை முறைத்தார். "லெட்டர் எழுதி முடிச்சுடற சமாசாரமா இது? போய்ப் பாரு" என்றார்.

மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். அது நீயாகக் கொடுக்க வேண்டியது. நீ எனக்கு வேண்டும் புஷ்பா, அவ்வளவுதான். இந்த வயசில் ஒரு சிநேகிதியைத் தேடி எங்கே போவேன்?

மிருதுளா

*

சேலையூர்,
14-11-2025

அன்புள்ள புஷ்பா,

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரிந்தும் தினம் கேட் வரைக்கும் போய்வந்தேன். உன் உடம்பு சுகம்தானே? மழை நாளில் உனக்கு மூக்கடைப்பு வருமே.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். தாம்பரத்தில் பஸ் ஏறி வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. எண்ணி ஒன்றரை மணி நேரம். இந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் சின்மயியிடம் 'ரொம்ப தூரம்' என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா பெயரைச் சொல்லி அங்காளம்மா வீடு எது என்று விசாரித்து, ரெண்டு வீடு தப்பாக ஏறி இறங்கி, மூன்றாவதாகச் சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "இன்னாமா, யாரு வோணும்?" என்றார்கள். உன்னைக் கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அது வெளில போய்கீதுமா. நீ யாரு?" என்றார்கள்.

சிநேகிதி என்று சொல்ல நாக்கு எழவில்லை. எனக்கு அந்த உரிமை ஏது? "புஷ்பா கூட வேலை செஞ்சவம்மா. அவளைப் பத்தி அசிங்கமா ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அது அவ காதுல விழுந்துடுச்சு. மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன்.

"இன்னா வார்த்தை?"

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மா வெளியே போ என்பார்கள் என்று நினைத்தேன். எழுந்து போய் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு சங்கரா மீன் குழம்பை ஊற்றி எனக்கு முன்னால் வைத்தார்கள். "நாறும்னியே, துண்ணு பாத்துட்டுச் சொல்லு" என்றார்கள்.

எட்டு வருஷத்துக்கு அப்புறம் மீன் சாப்பிட்டேன், புஷ்பா. அழுதுகொண்டே சாப்பிட்டேன். ரெண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கம் கெட்டவள்! அப்புறம் அங்கே உட்கார்ந்து என்னென்னவோ உளறினேன். அதையெல்லாம் எழுத முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "என்னடி வாசனை இது?" என்றார். "மீன்மா. புஷ்பா வீட்ல சாப்பிட்டேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குளிச்சுட்டு அடுக்களைக்குள்ள வா" என்றார். அவ்வளவுதான் நடந்தது. இதற்கா எட்டு வருஷம் பயந்தேன்?

உன்னைத்தான் பார்க்க முடியவில்லை. உன் செருப்பு எது என்றுகூடத் தெரியாமல் வாசலில் கிடந்த எல்லாச் செருப்பையும் பார்த்துவிட்டு வந்தேன். இனித் தொந்தரவு செய்யமாட்டேன். அம்மா நொண்டி நொண்டி நடக்கிறார்கள். தைலத்தை நம்பாதே, டாக்டரிடம் கூட்டிப்போ.

நீ எங்கே இருந்தாலும் சௌக்கியமாக இரு.

மிருதுளா

*

கோவளம்,
18-11-2025

அன்புள்ள அக்கா,

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். தேய்மானம், கூடை தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எனக்கு மூக்கடைப்புதான். நீங்கள் சொன்னபடியே வந்துவிட்டது.

அன்றைக்கு நான் வெளியே போகவில்லை. உள்ளறையில்தான் இருந்தேன்.

மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "ஒன்ன ஒரு பொம்பள தேடினு வந்துகீது" என்றாள். நான் ஹெட்செட்டைக் கழற்றுவதற்குள் வாசலில் உங்கள் குரல். கருவி எதுவும் இல்லாமல் உங்கள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது அக்கா, ஹெட்செட்டில் அது வருவதில்லை. இல்லை என்று சொல்லச் சொல்லி அம்மாவுக்குக் கையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மறுபடியும் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பேச்சைக் கேட்டேன். அந்த வார்த்தையை அம்மா முகத்துக்கு நேரே சொன்னீர்களே, எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு மாசமாக அம்மாவுக்குத் தெரியாமல் நான் மூடிவைத்திருந்தேன்! கதவைத் திறந்து வந்து நாலு கேள்வி கேட்கலாம் என்றுகூட எழுந்தேன்.

அப்போதுதான், "அவங்கப்பா போட்டோ எதும்மா?" என்று கேட்டீர்கள். அம்மா காட்டினாள். அப்புறம் படத்தைப் பார்த்து நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. "அப்பா, நீங்க போன அன்னிக்கு உங்க பொண்ணு என்கிட்ட அழுதா. நான் உடைஞ்சிட்டா அவளும் உடைஞ்சிடுவாளேன்னு மைக்கை மூடிட்டு இங்க நானும் அழுதேன். அவளுக்கு அது தெரியாது."

எனக்குத் தெரியாது அக்கா. அன்றைக்கு உங்கள் பக்கம் ஒரே அமைதியாக இருந்தது. நீங்கள் பில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாழ்ப்பாளில் கையை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். என்ன சொல்லிக்கொண்டு வெளியே வருவது என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்லச் சொன்னவள் ஆயிற்றே! நான் கதவைத் திறந்தபோது தட்டு மட்டும் இருந்தது. தெருமுனை வரைக்கும் ஓடினேன். ஷேர் ஆட்டோ நகர்ந்துவிட்டது. பின்னால் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தேன், இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா பிடித்துக்கொண்டாள். "வூடு தேடி வந்தவள, உள்ள குந்திகினே இல்லைன்னு அனுப்ச்சியே, அதுவும் தப்புதாண்டி" என்று ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். போகவில்லை. கொஞ்சம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் புது டீமில் எல்லோரும் வேலை முடிந்ததும் லைனை வைத்துவிடுகிறார்கள். நான் மட்டும் வைக்காமல் கொஞ்ச நேரம் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மே மாசத்திலிருந்து இப்படித்தான்.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சின்மயியையும் கூட்டி வாருங்கள். உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அம்மா பெயரைச் சொல்லி வழி கேட்காதீர்கள், இந்தக் குப்பத்தில் நாலு அங்காளம்மா. யாராவது 'நீ யாரு' என்று கேட்டால் முழிக்காமல் 'புஷ்பா ஃப்ரெண்டு' என்று சொல்லுங்கள். கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

அன்புடன்,
புஷ்பா